எதிர்த்தரப்புக்கு முதல் நகல்

வக்கீல் சார் இறந்துபோன செய்தி எங்களுக்கு ஒரு படமாக வந்தது.

சனிக்கிழமை, பள்ளி இல்லை. அரியலூரில் அம்மா வேலை பார்க்கும் அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு காதணி விழா அழைப்பிதழில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கணினியில் தட்டச்சு செய்வார். விடுமுறை நாட்களில் பிழை திருத்துவது என் வேலை. அம்மாவின் போனுக்கு முன்பின் தெரியாதவர்களின் படங்கள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் படத்தை அனுப்பிவிடுவார்கள், அப்புறம்தான் கூப்பிட்டுப் பெயரைச் சொல்வார்கள். அம்மா படத்தைத் திறந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, ஒட்ட வெட்டிய தலை, பட்டாளத்து மீசை. அம்மா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"யாரோ மாத்தி அனுப்பிட்டாங்க" என்றார்.

யாரும் மாற்றி அனுப்பவில்லை. அடுத்து அழைப்பு வந்தது. அவருடைய சொந்த ஊரான குரும்பலூருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அழுகை எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். வரும் வியாழக்கிழமை விசாரணை. அதில் பேச வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவர் பேசாவிட்டால் எங்கள் அப்பா இழந்தது இழந்ததாகவே போய்விடும். அம்மாவைப் பார்த்தேன். அவரும் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வாசகர் வட்டத்தின் இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு வழக்கறிஞர் செல்லமுத்துவைத் தெரிந்திருக்கும். அவருடைய நோட்டீஸ் ஒன்றாவது உங்கள் கைக்கு வந்திருக்கும். டீக்கடை மேசையிலோ, பஸ் ஜன்னல் வழியாகவோ, நியாயவிலைக் கடை வரிசையிலோ அவர் கையாலேயே கொடுத்திருப்பார். ஒரே பக்கம், கறுப்பு மை, அடியில் அவர் பெயர், முகவரி, தொலைபேசி எண். மொட்டை நோட்டீஸ் அவர் அடித்ததே இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் வேண்டாம் என்று எழுதினார். தேர்வு நாட்களில் ஒலிபெருக்கியை ஊருக்கு வெளியே திருப்பி வைக்கச் சொல்லி எழுதினார். மழைக்காலத்தில் பிணம் தூக்கிப் போக வரப்பைத் தவிர வழியில்லாத தெருக்களுக்காக எழுதினார்.

அவர் அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டும் களையெடுத்தும் அவரைப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தார். அதன்பின் அவர் பட்டாளத்துக்குப் போனார். பனி மலைகளில் இருந்தார், ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஊர் திரும்பியதும் மற்றவர்கள் போல வாட்ச்மேன் வேலை தேடாமல் திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். "மொத நாள் வகுப்புக்குள்ள போனேன். பயலுங்க எல்லாம் வாத்தியாருன்னு நெனச்சு எந்திரிச்சி நின்னானுங்க. உக்காருங்கடான்னு சொல்லிட்டு நானும் கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அரியலூரில் அவருக்குப் பட்டாள வக்கீல் என்று பெயர்.

அந்தச் சனிக்கிழமை போஸ்டருக்கு என்ன வாசகம் போடுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வழக்கமான வரிகள் கணினியில் தயாராக இருந்தன. 'எங்கள் இதயங்களில் என்றும் வாழும்' என்று தொடங்குபவை. அச்சக உரிமையாளர் ஜமால் பாய் பின்னால் வந்து நின்றார்.

"அந்த ஆளுக்கு இதெல்லாம் ஆவாதும்மா. எந்திரிச்சி வந்து அடிச்சுப்புடுவாரு. பேரு, ஊரு, தேதி. அவ்வளவுதான்."

உண்மைதான். ஒவ்வொரு நோட்டீஸிலும் அவர் திருத்தியதெல்லாம் அடைமொழிகளைத்தான். 'கொடூரமான', 'மாபெரும்', 'வேதனைக்குரிய' என்று எழுதிவிட்டு அவரே அடிப்பார். "இந்த வார்த்தைய எடுத்துட்டா உண்ம கொறையுதா பாப்பா? கொறையலன்னா எடுத்துரு" என்பார். அதனால் அம்மா எதையும் சேர்க்கவில்லை. அவர் மனைவி சரோஜா அத்தை மட்டும் போனில் ஒன்று கேட்டார்: "பட்டாளத்துப் படம் ஒண்ணு இருக்குதும்மா, அதப் போடலாமா?" கேட்டுவிட்டு அவரே, "வேணாம், கோட்டு போட்டதே இருக்கட்டும். இதுக்காகத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டாரு" என்றார்.

அவரிடம் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. எந்த நோட்டீஸையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் அது யாரைக் குறை சொல்கிறதோ அவரிடம் ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுப்பார். நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டால் எதிர்த்தரப்புக்கு நகல் தர வேண்டும் அல்லவா, நோட்டீஸுக்கும் அதுதான் முறை என்பார். "அவரு பதில் சொல்லட்டும். பதில் சரியா இருந்தா நான் திருத்திக்கிறேன்."

ஒருமுறை ஒரு டவுன் பஸ் காலனி நிறுத்தத்தில் மட்டும் நிற்காமல் போவதைப் பற்றி எழுதினார். நகலை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரிடமே நீட்டினார். அன்று நானும் அம்மாவும் அந்த பஸ்ஸில் இருந்தோம். கண்டக்டர் கம்பியில் சாய்ந்து நின்று படித்தார். முழுவதும் படித்துவிட்டு, "என் பேரு போடல போலருக்கே?" என்றார்.

"போடணுமா?" என்றார் வக்கீல் சார்.

"யோவ், வேணாம்யா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"அந்த ஸ்டாப்புலயும் பொண்ணுங்கதான் நிக்கிது."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சிரித்தார். மறுநாளிலிருந்து பஸ் நின்றது. நோட்டீஸ் அச்சாகவே இல்லை. ஜமால் பாய்க்குத்தான் வருத்தம். "பட்டாளம், நீ இப்படி முன்னாடியே காமிச்சுக் காமிச்சுக் காரியத்த முடிச்சுட்டா, என் மெஷின் என்னய்யா பண்ணும்?" என்று புலம்பினார்.

அந்த வழக்கம் எங்கள் வீட்டு வாசலுக்கும் வரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

எங்கள் பள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு லாரிகள் போகும் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மண்ணில் இறங்கி நின்றுவிட வேண்டும். புழுதி அடங்கிய பிறகு ஏற வேண்டும். எட்டாம் வகுப்பு ஹரிணி எங்கள் தெருப் பெண். ஒரு காலையில் அவளும் இறங்கித்தான் நின்றாள். ஆனால் லாரியின் பின்பக்கம் அவள் ஹேண்டில்பாரை இழுத்துவிட்டது. கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று ஊரில் சொன்னார்கள். லாரி காண்ட்ராக்டர் வைத்தியச் செலவைக் கொடுத்தார். புகார் எதுவும் இல்லை என்று அவள் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது அவர்கள் பிள்ளை.

அடுத்த வாரம் வக்கீல் சார் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு மணி, விடும் நேரத்தில் ஒரு மணி லாரிகளை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. அம்மா தட்டச்சு செய்தார். வழக்கம்போல் அச்சுப்படியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தேன். 'லாரி ஓட்டுநர்களின் அலட்சியத்தால்' என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"என்ன, எழுத்துப் பிழையா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் பென்சில் நின்னுச்சு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா அந்த லாரிதான் சார் ஓட்டுறாங்க" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஹரிணி மேல பட்டது..."

"இல்ல சார். அது வேற வண்டி. ஆனா அப்பாவும் அதே காண்ட்ராக்டருகிட்டதான்."

அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "எதிர்த்தரப்பு உங்க வூட்டுலதான் இருக்காருன்னு சொல்லு. அப்ப மொத நகல் அங்கதான் போவணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். ஸ்கூட்டரில், கறுப்புக் கோட்டோடு. அவருக்கு அது வேலை, வேலைக்குப் போகும்போது கோட்டு போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் அதற்கு முன் எந்த வீட்டு வாசலிலும் வக்கீல் வண்டி நின்றதில்லை. எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் கையில் மாவோடு அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

அப்பா வண்டியை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காதிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூள்.

"வாங்க சார். எம் பொண்ணு எதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?"

"தப்புப் பண்ணுனது நானா நீங்களான்னு பாக்கத்தான் வந்தேன் தம்பி. உங்களப் பத்தி எழுதியிருக்கேன். அச்சடிக்கறதுக்கு முன்னாடி நீங்க படிச்சுப்புடணும்."

அப்பா மெதுவாகத்தான் படிப்பார். படித்து முடித்து, 'அலட்சியம்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். "சார் லாரி ஓட்டியிருக்கீங்களா?"

"பட்டாளத்துல ஓட்டியிருக்கேன்."

"என்ன லோடு?"

"அரிசி, மண்ணெண்ண."

"வேகமா ஓட்டுவீங்களா?"

"மலை தம்பி. மெதுவாப் போனாத்தான் உசுரோட போய்ச் சேரலாம்."

"மெதுவாப் போனதுக்குக் கூலியப் புடிச்சானுங்களா?"

வக்கீல் சார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்களுக்குப் புடிப்பானுங்க. சம்பளம் கெடையாது சார், நடைக்குத்தான் கூலி. சொரங்கத்துல ஏத்தி ஆலையில கொட்டிட்டு வந்தா ஒரு நடை. ஸ்கூல் மணி அடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது நடை ஏத்தலன்னா லோடு நிறுக்குற எடமேடையில வரிசை சேந்துரும். அப்புறம் அன்னிக்குப் பூரா பின்னாடிதான். எவனுக்கு நடை கொறச்சலோ அவனுக்கு மறுநாளு வண்டி கெடையாது. உக்காந்திருக்க வேண்டியதுதான். அலட்சியமாம்! பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுறவனப் போயி..."

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வக்கீல் சார் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். அதோடு நிற்காமல் அந்தப் பத்தி முழுவதையும் அடித்தார்.

"நீங்க சொன்னத எழுதலாமா?"

"எழுதுங்க. எம்பேரு வேணாம்."

"வராது."

அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்: "சார், இத எழுதி லாரிய நிறுத்திப்புட்டா நாங்க எப்படிப் பொழைக்கிறது?"

"மாசச் சம்பளம் குடுக்கணும்னும் சேத்து எழுதுறேம்மா."

"குடுப்பாங்களா?"

"தெரியாது" என்றார். அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு பொய்கூட அவருக்கு வரவில்லை. அப்போது அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

புதிய நோட்டீஸில் எதிர்த்தரப்பு மாறியிருந்தது. ஓட்டுநர்கள் இல்லை, நடைக்கூலி. ஆகவே நகல் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஜமால் பாய் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பட்டாளம், சொன்னாக் கேளு. இது கண்டக்டர் இல்லய்யா. அல்லாவுக்காக இந்த ஒரு தடவ மட்டும் நேரா அடிச்சுக் குடுத்துரு."

"எதிர்த்தரப்புக்குக் காட்டாம அடிச்சா அது புரளி பாய்."

நகலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தவர், வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "பயமா இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கு. எல்லையில நின்னப்பவும் இருந்துச்சு. பயமே இல்லங்கிறவன் பக்கத்துல மட்டும் நிக்காத பாப்பா. அவன் போறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போயிருவான்."

இரண்டு நாள் கழித்து அப்பா வேலையிலிருந்து நடந்தே வந்தார். சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்கு வக்கீலு எதுக்கு வந்தான்?" அப்பா பதில் யோசிப்பதற்குள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸில் அப்பாவின் பெயர் இல்லை. ஸ்கூட்டரும் கறுப்புக் கோட்டும் போதுமானவையாக இருந்தன.

செய்தி கேட்டு வக்கீல் சார் வந்தார். இந்த முறை பஸ்ஸில், சாதாரணச் சட்டையில். அப்பா வாங்க என்று சொல்லவில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, தப்பு என்னுதுதான். மறைஞ்சு வரக் கூடாதுன்னு எனக்கு ஒரு கொள்க. நேரா வந்தா யாருக்கு என்ன ஆவும்னு நான் யோசிக்கல."

"இப்ப சொல்லி என்ன சார் ஆவப் போவுது?" என்றார் அம்மா.

"நோட்டீஸ் இன்னும் அச்சாவல. நீங்க சொன்னா நிறுத்திப்புடுறேன்."

அவர் அப்படிக் கேட்டது எனக்குத் திகைப்பாக இருந்தது. அப்பா தெருவைப் பார்த்தபடி கேட்டார்: "நிறுத்துனா வண்டி திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப அடிச்சுப்புடுங்க."

அன்று வக்கீல் சார் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நோட்டீஸ் அச்சானது. அதை ஒரு மனுவாகவும் எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தார். அங்கே ஒரு அதிகாரி விசாரணைக்கு நாள் குறித்தார். அதற்கு இடைப்பட்ட வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அப்பா மக்காச்சோள மூட்டை ஏற்றும் கூலிக்குப் போனார். போன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். பெயர் தெரியாத ஒருவர் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டுக்கு எதிரில் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் செய்ய மாட்டார். நிற்பார், போவார். வக்கீல் சார் தினமும் மாலை அம்மாவுக்குப் போன் செய்து, "எல்லாரும் வூட்டுக்கு வந்தாச்சா?" என்று மட்டும் கேட்பார். அம்மா முதலில் கோபமாக "ஆச்சு" என்று சொல்லி வைத்துவிடுவார். பின்னாளில் அந்த போன் வரும்வரை உலை வைக்க மாட்டார்.

அந்த நேரத்தில்தான் படம் வந்தது.

குரும்பலூருக்கு நானும் அம்மாவும் போனோம். அப்பா வரவில்லை. முன்னாள் ராணுவத்தினர் சிலர் தேசியக்கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள். வக்கீல்கள் கோட்டோடு வெயிலில் நின்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் காக்கிச் சட்டையோடு அந்த டவுன் பஸ் கண்டக்டர் நின்றார். "டூட்டில இருந்து அப்படியே வந்துட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் வக்கீல் சாரைப் பற்றிப் பேசினார்கள், அடைமொழிகள் நிறையச் சொன்னார்கள். வியாழக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாம்பலைத் திருமழபாடியில் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு வந்த சரோஜா அத்தை எங்களுக்கு போன் செய்தார். சாருடைய நண்பரான ஒரு வக்கீலைக் கேட்டாராம். விசாரணையில் பாதிக்கப்பட்டவர் யாராவது எழுந்து பேசினால் மனு நிற்கும், ஒருவரும் இல்லையென்றால் முடித்துவிடுவார்கள். ஹரிணியின் பெற்றோர் பேச முடியாது. எனக்குப் பதினாறு வயது, என் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி கையில் இருக்கிறது. மீதி இருப்பது அப்பா.

அப்பா பேசினால் இந்த மாவட்டத்தில் எந்த காண்ட்ராக்டரும் அவருக்கு வண்டி தர மாட்டார்கள். பேசாமல் இருந்தால், கொஞ்ச நாள் கழித்துக் கையைக் காலைப் பிடித்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்று சூப்பர்வைசரே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஓடியும் வியர்த்தது. ஒரு பக்கம் காண்ட்ராக்டரின் வக்கீலும் சூப்பர்வைசரும். மறுபக்கம் சரோஜா அத்தை, ஜமால் பாய், நாங்கள். அப்பா வந்திருந்தார். ஆனால் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வருவாரா என்று எனக்கே தெரியாது.

உதவியாளர் பெயரை வாசித்தார். "மனுதாரர் செல்லமுத்து."

அத்தை எழுந்தார். "அவரு இறந்துட்டாருங்க. நான் அவரு சம்சாரம். பேரக் கூப்புடுறப்ப ஒருத்தராவது எந்திரிக்கணும்னு வந்தேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வருத்தமா இருக்கும்மா. நல்ல மனுசன். மனுவப் பத்தி வேற யாராச்சும் பேசுறீங்களா?" அறையைச் சுற்றிப் பார்த்தார். சூப்பர்வைசரும் திரும்பிப் பார்த்தார். அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார். "யாரும் இல்லன்னா முடிச்சுக்கலாம்."

கதவுப் பக்கம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆபீசுக்குள் செருப்போடு வரலாம் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"நான் பேசுறேங்க."

"நீங்க யாரு? மனுதாரர் தரப்பா?"

"இல்லீங்க. எதிர்த்தரப்பு." அப்பா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "லாரி ஓட்டுனவன். வக்கீலு மொதல்ல என்னயத் திட்டித்தான் எழுதுனாரு. எழுதி எங்கிட்டயே கொண்டாந்து குடுத்தாரு. என்னய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. போலீசு கேட்டதில்ல, மொதலாளி கேட்டதில்ல. அந்தப் புள்ள மேல மோதுன வண்டி என்னுது இல்ல. ஆனா என்னுதா இருந்திருக்கலாம். அன்னிக்கு அவனுக்கு முன்னாடி ரெண்டாவது நடை ஏத்துனது நான்தான். அவன் என்னயத் தொரத்திக்கிட்டு வந்தான்."

காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, இவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், கோபத்தில் பேசுகிறார் என்றார்.

"கோவந்தான்" என்றார் அப்பா. "கோவமா இருந்தாலும் நடைக்கணக்கு மாறாதுல்ல சார்."

எங்களுக்குப் பின்னால் ஜமால் பாய் ஏதோ முணுமுணுத்தார். பிரார்த்தனையாக இருக்கலாம்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரை பள்ளி தொடங்கும் ஒரு மணி நேரமும் விடும் ஒரு மணி நேரமும் அந்தச் சாலையில் லாரி ஓடக் கூடாது என்றும் உத்தரவிட்டார். கூலியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். தற்காலிகம் என்ற சொல்லை அவர் பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அம்மா என் கையை இறுக்கினார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் அப்பாவின் தோளைத் தட்டி, "சந்தோசமா? இனி மூட்டையே தூக்கு" என்றார். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதிகாரி மாறிப் போகலாம். உத்தரவு மாறலாம். எதிர்வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் இன்னும் வந்து நிற்கிறது. மாலையில் போன் அடித்தால் அம்மா ஓடிப்போய் எடுக்கிறார், எடுத்த பிறகுதான் அது அவராக இருக்க முடியாது என்று ஞாபகம் வருகிறது.

வக்கீல் சாரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று இந்தக் கட்டுரையின் கடைசியில் எழுத வேண்டும். அத்தை அவருடைய சட்டப் புத்தகங்களைத் தருவதாகச் சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது காலையில் ஒரு மணி நேரச் சாலை. அவர் கேட்டு, அப்பா விலை கொடுத்து வாங்கிய சாலை. ஹரிணியால் இன்னும் சைக்கிள் மிதிக்க முடியாது. என் கேரியரில் உட்கார்ந்துதான் வருகிறாள். லாரி ஒன்றும் இல்லாத அந்தச் சாலை எனக்கு இன்னும் பழகவில்லை. காற்றின் சத்தத்துக்கே பிரேக் பிடிக்கிறேன், மண்ணில் இறங்கப் பார்க்கிறேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன். ஹரிணி பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினாள்.

"ஒண்ணும் வரலக்கா. மிதி."